நாவலில் "பெரட்டு" என்ற சொல்லை விட்டுக்கொடுக்கலாமா?

கேள்வி (பந்தலூரிலிருந்து):

வணக்கம். முதல் நாவலை எழுதி முடித்திருக்கிறேன். சேரம்பாடிப் பக்கம் டேன்டீ (தமிழ்நாடு அரசின் தேயிலைத் தோட்டக் கழகம்) லயத்தில் வளர்ந்தவள் நான். 1964 சாஸ்திரி – சிறிமாவோ ஒப்பந்தத்தால் இலங்கையை விட்டுக் கிளம்பி, தலைமன்னாரில் கப்பலேறி, மண்டபம் முகாமில் கிடந்து, கடைசியில் இந்த மலைக்கு வந்து சேர்ந்த என் அம்மாச்சியின் கதை.

ஒரு பதிப்பகம் போடுகிறேன் என்றது. திருத்தி அனுப்பிய பிரதியில் "லயம்" எல்லாம் "தொழிலாளர் குடியிருப்பு" ஆகிவிட்டது. "விடிய பெரட்டுக்கு நிக்கணும் புள்ள, படு" என்று அம்மாச்சி சொல்வாள். அது "காலையில் வருகைப் பதிவுக்குச் செல்ல வேண்டும்" என்று மாறியிருந்தது. படித்ததும் நெஞ்சை அடைத்தது. நடுவில் ஊட்டியில் ஒரு காதலும் வைக்கச் சொல்கிறார்கள். ஒப்பந்தத்தில் "அனைத்து உரிமைகளும், எல்லா வடிவங்களிலும், எக்காலத்துக்கும்" என்று ஒரு வரி. முன்பணம் 15,000 ரூபாய். இதை விட்டால் வேறு யார் போடுவார்கள் என்று பயமாகவும் இருக்கிறது. என்ன செய்யட்டும்?

பதில் 1 (கோத்தகிரியிலிருந்து):

தங்கச்சி, கையெழுத்துப் போடாதீர்கள். முதலில் அந்த வரியைப் பார்ப்போம்.

1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 19ஆம் பிரிவை ஒருமுறை படியுங்கள். உரிமையை எழுத்தில், கையெழுத்தோடுதான் மாற்றித் தர முடியும். எத்தனை காலம் என்று எழுதாவிட்டால் ஐந்து ஆண்டு என்றுதான் சட்டம் எடுத்துக்கொள்ளும். எந்த நாட்டுக்கு என்று எழுதாவிட்டால் இந்தியா மட்டும். அதாவது, ஒன்றும் எழுதாமல் விட்டால்கூடச் சட்டம் உங்கள் பக்கம் கொஞ்சம் சாய்கிறது. "எக்காலத்துக்கும்" என்று நீங்களே எழுதிக் கொடுத்தால் அந்தக் காப்பு போய்விடும்.

எனக்கு இது நடந்தது. 2009இல் என் சிறுகதைத் தொகுப்புக்கு அப்படி ஒரு தாளில் கையெழுத்துப் போட்டேன். ஒரே பதிப்பு, அப்புறம் அச்சில் இல்லை. வேறொருவர் மறுபதிப்புப் போட வந்தபோது என் கதைகளைத் தர எனக்கே உரிமை இல்லை. என் பேத்தி கேட்டால் கொடுக்க வீட்டில் இருப்பது ஒரு பிரதி, அதுவும் மழை ஈரத்தில் அட்டை பூத்துப்போனது.

நீங்கள் கேட்க வேண்டியது இதுதான்: தமிழில், அச்சுப் புத்தகம் மட்டும், மூன்று ஆண்டுக்கு. மின்நூல், ஒலிநூல், மொழிபெயர்ப்பு, சினிமா எல்லாம் உங்களிடமே இருக்கட்டும்.

திருத்தம் வேறு விஷயம். எல்லாத் திருத்தமும் எதிரி இல்லை. என் ஒரு கதையின் முதல் இரண்டு பக்கமும் வெறும் பனிமூட்டம். ஆசிரியர் வெட்டினார், கதை எழுந்து நின்றது. ஆனால் "பெரட்டு" பனிமூட்டம் இல்லை. இருட்டோடு எழுந்து, கம்பளியைத் தலையில் போட்டுக்கொண்டு வரிசையில் நின்று, பேர் விழுமா என்று காத்து நிற்பது முழுக்க அந்த ஒரு சொல்லில் இருக்கிறது. "வருகைப் பதிவு" என்றால் பள்ளிக்கூடம்தான் நினைவுக்கு வரும். விடவே முடியாத சொற்களை ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் ஏன் என்று ஒரு வரி சேர்த்து அனுப்புங்கள். மற்றதில் இறங்கிப் போங்கள்.

பதில் 2 (கொடைக்கானலிலிருந்து):

ஐயா சொன்னதோடு 57ஆம் பிரிவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். உரிமையை விற்ற பிறகும், பெயருக்குக் கெடுதல் வரும்படி படைப்பைச் சிதைத்தால் எழுதியவர் தடுக்கலாம். இந்தி எழுத்தாளர் மன்னு பண்டாரி தன் நாவலைப் படமாக்கியவர்கள் மீது டெல்லி உயர் நீதிமன்றத்துக்கே போனார். ஆனால் வழக்கு நடத்தப் பணமும் வருஷங்களும் வேண்டும். முன்னாலேயே வரியை அடிப்பது சுலபம்.

பதில் 3 (குன்னூரிலிருந்து):

அக்கா, நான் தேயிலை ஃபேக்டரியில் நைட் ஷிஃப்ட். பறித்த இலையை வாட்டும் தொட்டி ஓடுகிற நேரத்தில்தான் எழுதுகிறேன். சம்பளம் வேறு இடத்திலிருந்து வருவதால், ஊட்டி காதல் கேட்டவரிடம் முடியாது என்று சொல்ல முடிந்தது. வேண்டிய பிரதி மட்டும் அச்சடிக்கும் முறையில் நூறு பிரதி போட்டேன். மெதுவாகத்தான் போகிறது, ஆனால் ஒரு வரியும் மாறவில்லை.

கேட்டவர்:

எல்லோருக்கும் நன்றி. பதினொரு சொல் எழுதி அனுப்பினேன். லயம், பெரட்டு இரண்டும் இருக்கட்டும் என்றார்கள், காதலையும் விட்டுவிட்டார்கள். "எக்காலத்துக்கும்" மட்டும் இன்னும் அப்படியே இருக்கிறது, அதனால் கையெழுத்துப் போடவில்லை. ஞாயிற்றுக்கிழமை சேரம்பாடி போகிறேன். அம்மாச்சிக்கு எழுத்து தெரியாது. மூன்றாம் அத்தியாயத்தை வாய்விட்டுப் படித்துக் காட்டப்போகிறேன்.