டீமில் இருக்கிறேன்: ஆங்கிலத்தில் இன்னா, ஆனா, ஆஃபா?

பந்தடி (வியாசர்பாடி)

எல்லோருக்கும் வணக்கம். மாலை வேளையில் எங்கள் பகுதித் திடலில் சிறுவர்களுக்குக் கால்பந்து கற்றுக்கொடுக்கிறேன். ஒரு தனியார் பள்ளியில் உடற்கல்வி உதவியாளர் வேலை இருக்கிறது என்றார்கள். பயோடேட்டா எழுதினேன். பன்னிரண்டாம் வகுப்புவரை தமிழ்வழியில் படித்தவன், அதனால் நாலு பேரிடம் காட்டினேன். அங்கேதான் தப்பு செய்துவிட்டேன்.

நான் எழுதியது: "ஐ ஆம் எ மெம்பர் இன் தி டீம்." நண்பன் "இன்" என்பதை அடித்துவிட்டு "ஆஃப்" என்று எழுதினான். ஜெராக்ஸ் கடையில் தட்டச்சு செய்யும் அக்கா, "மெம்பர் எதற்கு? ஐ ஆம் இன் தி டீம் என்றாலே போதும்" என்றார். அமெரிக்காவில் இருக்கும் மாமா மகனுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். "ஆன் தி டீம் என்று போடு" என்று பதில் வந்தது. இப்போது அந்தத் தாளில் என் எழுத்தைவிடச் சிவப்பு மை அதிகமாக இருக்கிறது.

தமிழில் எனக்கு ஒரே "இல்" போதும். டீமில் இருக்கிறேன், கமிட்டியில் இருக்கிறேன், சங்கத்தில் இருக்கிறேன், போலீஸில் இருக்கிறேன். ஆங்கிலத்தில் ஏன் ஆளுக்கொன்று சொல்கிறார்கள்? யார் சொல்வது சரி? வெள்ளிக்கிழமைக்குள் கொடுக்க வேண்டும்.

கொருக்குப்பேட்டைக்காரன்

எதைப் போட்டாலும் புரியும், தம்பி. பந்தை உதைக்கத் தெரிகிறதா என்றுதான் பார்ப்பார்கள்.

பெரம்பூர் டீச்சர்

புரியும் என்பது உண்மை. ஆனால் பத்துப் பயோடேட்டாவில் ஒன்றைக் கழிக்க நினைப்பவருக்கு அந்த ஒரு சொல் போதும். முப்பத்திரண்டு ஆண்டுகள் ஆங்கிலம் நடத்தி ஓய்வு பெற்றவள் சொல்கிறேன்.

தம்பி, உன் நண்பன் சொன்னதும் சரி, கடைக்கார அம்மா சொன்னதும் சரி. நீ எழுதியது மட்டும்தான் இடறுகிறது. "மெம்பர்" என்ற சொல்லை எடுத்தால் பின்னால் "ஆஃப்" வர வேண்டும். ஏன் என்று கேட்டால் மனப்பாடம் செய் என்பார்கள். காரணம் அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. லத்தீனில் "மெம்ப்ரம்" என்றால் கை, கால் போன்ற உடல் உறுப்பு. அதிலிருந்து வந்ததுதான் மெம்பர். நம் "உறுப்பினர்" என்ற சொல்லிலும் அதே உறுப்பு உட்கார்ந்திருக்கிறது பார். கையை உடம்பின் உறுப்பு என்போமே தவிர, உடம்பில் உறுப்பு என்று சொல்ல மாட்டோம். அந்த "இன்" உருபுதான் ஆங்கிலத்தில் "ஆஃப்". (ஆங்கில "இன்" வேறு, தமிழ் "இன்" வேறு. வகுப்பில் இதைச் சொன்னாலே பிள்ளைகள் சிரிப்பார்கள்.)

நன்னூலாரும் ஆறாம் வேற்றுமையின் தற்கிழமைப் பொருளை, அதாவது தன்னிலிருந்து பிரியாத உடைமையைச் சொல்லும்போது உறுப்பு, ஒன்றன் கூட்டம், பலவின் ஈட்டம் என்று ஒரே மூச்சில் அடுக்குகிறார். உடம்புக்குக் கை எப்படியோ, கூட்டத்துக்கு ஆள் அப்படி.

பதவிப் பெயர்களும் பெரும்பாலும் இதே வழிதான். கேப்டன் ஆஃப் தி டீம், பிரசிடென்ட் ஆஃப் தி கிளப், செகரட்டரி ஆஃப் தி அசோசியேஷன். ஆனால் கோட்டையில் ஒரு துறைச் செயலாளர் கையெழுத்துக்குக் கீழே பார், "செகரட்டரி டு கவர்ன்மென்ட்" என்று இருக்கும். அவர் அரசின் உறுப்பாகக் கையெழுத்திடவில்லை, அரசுக்குப் பணி செய்பவராக இடுகிறார். அது நான்காம் வேற்றுமை, "கு".

பந்தடி

டீச்சர், உறுப்பு என்றதும் சட்டென்று பிடிபட்டது. அப்படியென்றால் மெம்பர் என்ற சொல்லே இல்லாதபோது? அக்கா "இன்" என்கிறார், மாமா மகன் "ஆன்" என்கிறானே.

தண்டையார்பேட்டை மருமகள்

உங்கள் மாமா மகன் பொய் சொல்லவில்லை. நான் அமெரிக்காவில் பதினோரு ஆண்டுகள் இருந்துவிட்டுத் திரும்பியவள். அங்கே "ஆன் தி டீம்" மட்டும்தான். என் மகன் பள்ளி நீச்சல் அணியில் சேர்ந்தபோது நான் "இன் தி டீம்" என்று சொல்ல, அவனே என்னைத் திருத்தினான். பிரிட்டனில் "இன் தி டீம்" என்பார்கள், நம் பத்திரிகைகளின் விளையாட்டுப் பக்கத்திலும் அதுதான். ஆகவே கடைக்கார அக்கா பிரிட்டிஷ், மாமா மகன் அமெரிக்கன். நம் ஊர்ப் பள்ளிக்கு எழுதுவதால் அக்கா பக்கம் சாயுங்கள்.

மெய்ப்பு (தங்கசாலை)

அச்சகத்தில் மெய்ப்புப் பார்ப்பது என் பிழைப்பு. சங்க ஆண்டறிக்கை, கோயில் அறக்கட்டளை அறிக்கை, கல்லூரி மலர் என்று வருடம் முழுவதும் இந்த "இன், ஆன்" சண்டைதான்.

டீம் விஷயத்தில்தான் இரண்டு நாடும் பிரிகின்றன. மற்றவற்றில் பெரும்பாலும் ஒற்றுமை உண்டு. ராணுவம், போலீஸ், பாட்டுக் குழு, கிளப், யூனியன், வகுப்பு: இவற்றுக்கெல்லாம் "இன்". உள்ளே போனால் கூட்டத்தோடு கலந்துவிடுகிறோம், எத்தனையாவது ஆள் என்று யாரும் எண்ணுவதில்லை. கமிட்டி, ஜூரி, பேனல், இயக்குநர் போர்டு: இவற்றுக்கு "ஆன்". இவை எண்ணிப் போட்ட நாற்காலிகள். போர்டு என்றால் முதலில் பலகை, பிறகு சாப்பிடும் மேசை, பிறகு அந்த மேசையைச் சுற்றி உட்கார்ந்து முடிவெடுப்பவர்கள். பலகைக்கு உள்ளே யாரும் உட்கார முடியாது, அதனால் "ஆன்". நீதிபதிகளை "ஆன் தி பெஞ்ச்" என்பதும் அந்த வகைதான்.

இதை ஞாபகத்துக்கு ஒரு கொக்கியாக வைத்துக்கொள்ளலாம், சட்டமாக அல்ல. அமைச்சரவையிலும் நாற்காலிகளை எண்ணித்தான் போடுகிறார்கள், ஆனாலும் "இன் தி கேபினட்" என்றே வரும். ஏன் என்று என்னைக் கேட்க வேண்டாம். ஒருமுறை ஒரு சங்கச் செயலாளர் கேட்டு, அரை நாள் வேலை கெட்டது.

மில் பேரன்

டீம் கதை எனக்குத் தெரியாது. ஆனால் யூனியன் என்றால் எங்கள் வீட்டுச் சொத்து. பெரம்பூர் மில்லில் தாத்தா நெசவுப் பிரிவில் இருந்தார். 1918 ஏப்ரல் 27 அன்று தொடங்கிய மெட்ராஸ் லேபர் யூனியனைப் பற்றி அவர் பேச ஆரம்பித்தால் சோறு ஆறிவிடும். முதல் தலைவர் பி. பி. வாடியா. டீச்சர் சொன்னபடி அவர் "பிரசிடென்ட் ஆஃப் தி யூனியன்".

தாத்தா சந்தா கட்டியவர், அதனால் "இன் தி யூனியன்". பிறகு செயற்குழுவுக்குத் தேர்ந்தெடுத்தார்கள், அப்போது "ஆன் தி கமிட்டி". ஒரே மனிதர், ஒரே சங்கம், இரண்டு சொல். "இன்" என்றால் சந்தா, "ஆன்" என்றால் தலைவலி. இது பாட்டி வைத்த கணக்கு. பாட்டிக்கு ஆங்கிலம் தெரியாது, தலைவலி தெரியும்.

காசிமேட்டு வலை

நடுவில் புகுந்ததற்கு மன்னிக்கவும். எங்கள் ஆட்களிடமும் இந்தக் குழப்பம் உண்டு. சிறிய ஃபைபர் படகில் கால் தொங்காமல் உள்ளே உட்காருகிறோம், அது "இன் தி போட்". விசைப்படகுக்குத் தளம் இருக்கிறது, நின்று நடக்கலாம், அது "ஆன் தி போட்". கட்டுமரத்துக்கு உள்ளே என்று ஒன்றே கிடையாது, ஆகவே "ஆன்" தவிர வழியில்லை. அந்தச் சொல்லை நம்மிடமிருந்து வாங்கித்தான் "கேட்டமரான்" என்று வைத்துக்கொண்டார்கள், முன்னிடைச்சொல்லை மட்டும் சொந்தமாகப் போட்டுக்கொண்டார்கள்.

பெரம்பூர் டீச்சர்

காசிமேட்டுத் தம்பியை வகுப்பில் வைத்திருந்தால் எனக்குப் பாதி வேலை மிச்சமாகியிருக்கும்.

பந்தடி, தமிழில் ஒரே "இல்" என்று சொன்னாயே, அதையும் தட்டிக் கேட்க வேண்டும். ஏழாம் வேற்றுமைக்கு நன்னூல் இருபத்தெட்டு உருபுகளைச் சொல்கிறது. கண், கால், கடை என்று தொடங்கி முன், மேல், கீழ், உள், அகம், புறம் எல்லாம் போய்க் கடைசியில்தான் "இல்" நிற்கிறது. நாம் வசதிக்காகக் கடைசி ஆளை மட்டும் வேலைக்கு வைத்துக்கொண்டு மற்றவர்களுக்கு ஓய்வு கொடுத்துவிட்டோம். ஆங்கிலக்காரன் அப்படிச் செய்யவில்லை.

சரி, பயோடேட்டா முழுவதையும் காட்டு. ஒரு வரியில் சிக்கல் என்றால் அடுத்த வரியிலும் இருக்கும்.

பந்தடி

படம் எடுத்து இணைத்திருக்கிறேன், டீச்சர். நண்பன் திருத்தியபடி நேற்றிரவு நானே செல்போனில் தட்டச்சு செய்து கடையில் அச்சிட்டேன். மற்ற வரிகள்: "ஐ ஆம் பிலாங்கிங் டு வியாசர்பாடி." "ஐ ஜாயின்ட் இன் தி கிளப் இன் 2019." "ஐ ஆம் ஒன் ஆஃப் தி சீனியர் பிளேயர்."

மெய்ப்பு (தங்கசாலை)

வரிசையாக வருகிறேன்.

"பிலாங்" ஒரு நிலையைச் சொல்லும் வினை. அதற்கு "இங்" வாலை ஒட்டக்கூடாது. ஊரைச் சொல்ல அந்த வினையே தேவையில்லை. வியாசர்பாடியைச் சேர்ந்தவன் என்பதை அப்படியே இறக்கியிருக்கிறீர்கள். "ஐ ஆம் ஃப்ரம் வியாசர்பாடி" போதும்.

"ஜாயின்" வினைக்குப் பின்னால் கிளப் பெயர் நேராக வரும், நடுவில் எதுவும் வேண்டாம். கிளப்பில் சேர்ந்தேன் என்பதில் உள்ள "இல்" உங்களை இழுத்துவிட்டது. "ஜாயின் இன்" என்றால் பாட்டிலோ ஆட்டத்திலோ நாமும் கலந்துகொள்வது, அது வேறு. கடைசியில் உள்ள "இன் 2019" சரி, அதைத் தொடாதீர்கள்.

"ஒன் ஆஃப் தி" என்றால் பின்னால் பன்மை, "பிளேயர்ஸ்". பலரில் ஒருவர் என்கிறோமே, ஒருவரில் ஒருவர் என்றா சொல்கிறோம்? இந்த ஒரு "ஸ்" போடாமல் அச்சேறிய கல்லூரி மலர்களை அடுக்கினால் என் மேசை உயரம் வரும்.

பெரம்பூர் டீச்சர்

தம்பி, படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். இரண்டாவது வரியில் மெம்பருக்குப் பின்னால் எத்தனை "எஃப்" போட்டிருக்கிறாய்?

பந்தடி

இரண்டு. ஏன், டீச்சர்?

பெரம்பூர் டீச்சர்

நாம் தமிழில் "ஆஃப்" என்று எழுதிக்கொண்டே இருந்ததில் இந்தக் குழி தெரியாமல் போய்விட்டது. ஓ, எஃப் என்று ஒரே எஃப் இருந்தால் அது "இன்" உருபு. வாய்விட்டுச் சொல்லும்போது எஃப் ஒலிகூட வராது, "அவ்" என்று "வி" ஒலிதான் வரும். ஓ, எஃப், எஃப் என்று இரண்டு இருந்தால் விலகி, நீங்கி என்று பொருள். "ஆஃப் தி டீம்" என்று இரண்டு எஃப்போடு எழுதினால், உன்னை அணியைவிட்டு எடுத்துவிட்டார்கள் என்று அர்த்தம். விளக்கை அணைக்கும் சுவிட்சில் இருக்கிறதே, அந்தச் சொல்.

கொருக்குப்பேட்டைக்காரன்

எதைப் போட்டாலும் புரியும் என்று சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன்.

பந்தடி

ஐயோ! அந்தத் தாளில் ஏற்கெனவே பத்துப் பிரதி எடுத்துவிட்டேன். நல்ல வேளை, எதையும் கொடுக்கவில்லை. இப்போது இப்படி மாற்றியிருக்கிறேன்:

"ஐ ஆம் ஃப்ரம் வியாசர்பாடி. ஐ ஜாயின்ட் தி கிளப் இன் 2019. ஐ ஆம் எ மெம்பர் ஆஃப் தி டீம் அண்ட் ஒன் ஆஃப் இட்ஸ் சீனியர் பிளேயர்ஸ்." சிறுவர்களுக்கான போட்டி நடத்தும் குழுவிலும் இருக்கிறேன், அதை "ஐ ஆம் ஆன் தி டோர்னமென்ட் கமிட்டி" என்று சேர்த்தேன். மில் பேரன் அண்ணா, உங்கள் பாட்டி சொன்னது உண்மை. மூன்று வாரமாகத் தலைவலிதான்.

மெய்ப்பு (தங்கசாலை)

நான்கு வரியும் சுத்தம். இனி நாலு பேரிடம் காட்ட வேண்டாம்.

பந்தடி

நன்றி ஐயா, நன்றி டீச்சர். காலையில் கடை திறந்ததும் போகிறேன்.

பெரம்பூர் டீச்சர்

போ. பிரதி எடுப்பதற்கு முன் முதல் தாளை வாங்கி எஃப்பை எண்ணிப் பார்த்துவிடு. "மெம்பர்" என்பதற்குப் பின்னால் ஒன்று, "ஒன்" என்பதற்குப் பின்னால் ஒன்று.