ஜூம்பா வகுப்பின் வாசல் வரை போய்த் திரும்பிவிட்டேன், உள்ளே போவது எப்படி?

உறையூர்_செல்வி எழுதியது:

வணக்கம். எனக்கு 43 வயது, ஊர் திருச்சி, இரண்டு பிள்ளைகள். போன மாதம் ரத்தப் பரிசோதனையில் ஹெச்பிஏ1சி (இரண்டு மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டுவது) 6.1 என்று வந்தது. இது இன்னும் சர்க்கரை நோய் ஆகவில்லை, அதற்கு முந்தைய படி, மாத்திரை வேண்டாம், வாரத்துக்கு 150 நிமிடமாவது மூச்சு வாங்குகிற மாதிரி உடற்பயிற்சி செய்யுங்கள் என்றார் டாக்டர். தனியாக நடந்து பார்த்தேன், ஒரு வாரத்துக்கு மேல் ஓடவில்லை. பக்கத்துத் தெரு அக்கா ஒருவர்தான் தில்லை நகரில் ஒரு மாடியில் காலை 6 மணிக்குப் பெண்களுக்கு மட்டும் ஜூம்பா (பாட்டுக்கு ஆடியே செய்கிற உடற்பயிற்சி) நடக்கிறது, முதல் நாள் காசு வாங்க மாட்டார்கள், போய்ப் பார் என்றார்.

திங்கட்கிழமை போனேன். செருப்பு விடுகிற இடம் வரை போயாகிவிட்டது. கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தால் இருபது பேர் ஒரே நேரத்தில் ஒரே பக்கம் திரும்புகிறார்கள், ஒரே மாதிரி கை தட்டுகிறார்கள், பாதிப் பேர் என் பெரிய மகளைவிட நாலைந்து வயதுதான் மூத்தவர்களாக இருப்பார்கள். கைப்பிடியில் கை வைத்தபடி ஒரு பாட்டு முடிகிற வரைக்கும் நின்றேன். அடுத்த பாட்டு ஆரம்பித்ததும் இறங்கி வந்துவிட்டேன். சீக்கிரம் வீட்டுக்குப் போனால் கேட்பார்கள் என்று கீழே ஸ்கூட்டியிலேயே முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அதுதான் மனதை ரொம்ப வருத்துகிறது.

எடை 82 கிலோ. டான்ஸ் என்று வாழ்க்கையில் ஆடியது கிடையாது. வேறு சில பயங்களும் இருக்கின்றன. இப்படி இருந்து, அப்புறம் உள்ளே போனவர்கள் யாராவது சொல்லுங்கள், எப்படிப் போனீர்கள்?

---

கவிதா_மதுரை:

செல்வி அக்கா, நான் மூன்று வருடமாகப் போகிறேன், இப்போதும் புதுப் பாட்டு என்றால் முதல் இரண்டு நாள் தப்பாகத்தான் வரும். நீங்கள் கதவு வழியாகப் பார்த்த அந்த இருபது பேரும் அதே பாட்டுக்கு ஒரு மாதமாகவாவது ஆடியிருப்பார்கள், அதனால்தான் ஒன்றுபோலத் தெரிந்தது. அவர்களுடைய முதல் நாளை நீங்கள் பார்க்கவில்லை.

எனக்கு உதவியது ஒன்றே ஒன்று. 6 மணி வகுப்புக்கு 5.45-க்கே போய்விட்டேன். ஹால் காலியாக இருந்தது, மாஸ்டர் ஸ்பீக்கர் ஒயர் மாட்டிக்கொண்டிருந்தார், ஒருவர் ஜன்னல் திறந்துகொண்டிருந்தார். பேர் கேட்டார்கள், எந்த ஏரியா என்றார்கள். ஆட்கள் ஒவ்வொருவராக வரும்போது நான் ஏற்கெனவே உள்ளே நிற்கிற ஆளாகிவிட்டேன். நடந்துகொண்டிருக்கும் வகுப்புக்குள் கதவைத் திறந்து போவது மூன்று வருடம் ஆன எனக்கே இன்றும் கஷ்டம், முதல் நாளே அதைச் செய்ய வேண்டாம்.

அப்புறம், முதலில் கால் மட்டும் பாருங்கள். கை சும்மா இடுப்பில் இருக்கட்டும். கால் பிடிபட்டால் கை தன்னால் வரும்.

---

சேலம்_குமரன்:

பெண்கள் பேசுகிற இடத்தில் நுழைகிறேன், தவறாக நினைக்க வேண்டாம். 2000-ல் கார்னெல் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் வெளியிட்ட ஒரு சோதனை எனக்குப் பெரிய தைரியம் கொடுத்தது. ஒரு மாணவரைச் சங்கடமான படம் போட்ட டி-ஷர்ட்டோடு பலர் இருக்கிற அறைக்குள் அனுப்பி, எத்தனை பேர் கவனித்திருப்பார்கள் என்று கேட்டார்கள். ஏறக்குறைய பாதிப் பேர் பார்த்திருப்பார்கள் என்பதுதான் போட்டிருந்தவர்களின் கணக்கு. உண்மையில் பார்த்தது ஏறக்குறைய கால்வாசிப் பேர். நான் 51 வயதில் குழுவாக யோகா பழகப் போனபோது இதைத்தான் மனதில் சொல்லிக்கொண்டே படியேறினேன்.

---

நிலா_ஆர்:

கவனிக்கவே மாட்டார்கள் என்று நான் சொல்ல மாட்டேன், ஏனென்றால் நான் பட்டிருக்கிறேன். முன்பு போன ஒரு இடத்தில் மூன்றாவது நாளே வீடியோ எடுத்து இன்ஸ்டாவில் போட்டுவிட்டார்கள், என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. என் நாத்தனார் பார்த்துவிட்டு வீட்டில் காட்டினார். அழுதுவிட்டு நின்றுவிட்டேன், எட்டு மாதம் எங்கேயும் போகவில்லை. இப்போது போகிற இடத்தில் சேரும் முன்பே கேட்டேன், வீடியோ எடுப்பீர்களா என்று. எடுக்கிற நாளன்று முன்கூட்டிச் சொல்வோம், வேண்டாதவர்கள் ஓரமாக நின்றுகொள்ளலாம் என்றார்கள், அப்படியே நடக்கிறார்கள். கேட்பதில் தப்பே இல்லை தோழி. மூஞ்சியைச் சுளித்தால் அந்த இடம் நமக்கு வேண்டாம்.

---

ஜெசி_டிரெயினர்:

நான் ஏழு வருடமாக ஜூம்பா வகுப்பு எடுக்கிறேன். செல்விம்மா, கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் கடைசி வரிசைக்குத்தான் போவார்கள். போகாதீர்கள். சில பாட்டுகளில் எல்லோரும் பின்பக்கம் திரும்புவோம், அப்போது கடைசி வரிசைதான் முதல் வரிசை, முன்னால் பார்த்து ஆட ஒருவரும் இருக்க மாட்டார்கள். இரண்டாவது வரிசையில் சுவர் ஓரமாக நில்லுங்கள். எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு ஆள் கண்ணில் படுவார்.

அடுத்து, மாஸ்டரிடம் இன்று எனக்கு முதல் நாள் என்று சொல்லிவிடுங்கள். முட்டி வலி, பிபி மாத்திரை, ஆபரேஷன் என்று எது இருந்தாலும் சொல்லுங்கள். சொன்னால்தான் குதிக்கிற இடத்தில் குதிக்காமல் செய்வது எப்படி என்று காட்ட முடியும். ஸ்டெப் தொலைந்துபோனால் நின்ற இடத்திலேயே வலது, இடது என்று தாளத்துக்கு நடங்கள். மெரெங்கே என்று நாங்கள் பெரிதாகச் சொல்கிற ஸ்டெப்புக்கு அடிப்படையே அந்த நடைதான். எட்டு எண்ணிக்கை முடிந்ததும் பெரும்பாலும் பழைய ஸ்டெப்பே மறுபடி வரும், அங்கே சேர்ந்துகொள்ளலாம். இந்த ஜூம்பா பிறந்ததே அப்படித்தான். கொலம்பியாவில் பெட்டோ பெரெஸ் என்பவர் ஏரோபிக்ஸ் வகுப்புக்குரிய கேசட்டை மறந்து வந்துவிட்டு, தன்னிடம் இருந்த சல்சா, மெரெங்கே என்கிற லத்தீன் அமெரிக்க நடனப் பாட்டுகளைப் போட்டு, அந்த நேரத்தில் தோன்றியதை ஆடினார் என்றுதான் எங்களுக்குப் பயிற்சியில் சொன்னார்கள்.

வேகம் எவ்வளவு என்று கேட்டால், பக்கத்தில் இருப்பவரிடம் ஒரு வாக்கியம் பேச முடிய வேண்டும், ஆனால் பாட முடியக் கூடாது. அந்த அளவு போதும், 150 நிமிடக் கணக்கில் அது சேரும். மூச்சு முட்டினால் சட்டென்று உட்காராமல் மெதுவாக நடந்து, அப்புறம் ஓரத்துக்கு வாருங்கள். தலை சுற்றினாலோ நெஞ்சு வலித்தாலோ உடனே நிறுத்திவிட்டு மாஸ்டரிடம் சொல்லுங்கள்.

"வேறு சில பயங்கள்" என்று எழுதியிருக்கிறீர்கள். அது இதுவாக இல்லாவிட்டால் மன்னியுங்கள், படிக்கிற வேறு யாருக்காவது உதவட்டும். பிள்ளை பெற்ற பெண்கள் நிறையப் பேருக்குக் குதித்தால், தும்மினால் சொட்டுச் சிறுநீர் கசியும். என் வகுப்பில் எத்தனையோ பேர் வெளியில் சொல்லாமல் இதற்காகவே நின்றுபோயிருக்கிறார்கள், பிறகு போனில் பேசும்போதுதான் சொல்வார்கள். வகுப்புக்கு முன் பாத்ரூம் போய் வாருங்கள், அதற்காகத் தண்ணீர் குடிக்காமல் இருக்காதீர்கள். கறுப்பு பேண்ட், மெல்லிய பேட். குதிக்கிற இடத்தில் குதிகாலை மட்டும் தூக்கி இறக்கினால் போதும். வீட்டில் சிறுநீரை அடக்குவதுபோல அந்தத் தசையை இறுக்கி ஐந்து எண்ணி விடுங்கள், பத்து தடவை, ஒரு நாளைக்கு மூன்று வேளை. சிறுநீர் கழிக்கும்போது செய்ய வேண்டாம். இரண்டு மூன்று மாதமாவது விடாமல் செய்தால்தான் பலன் தெரியும். குறையாவிட்டால் மகப்பேறு டாக்டரையோ பிசியோதெரபிஸ்டையோ பாருங்கள். இதற்கு வைத்தியம் இருக்கிறது.

---

உறையூர்_செல்வி:

ஜெசி மேடம், அதேதான். இரண்டாவது பிரசவத்திலிருந்து இருக்கிறது, பதினொரு வருடம். என் கணவரிடம்கூடச் சொன்னதில்லை. நீங்கள் எழுதியதை மூன்று தடவை படித்தேன்.

இன்று போனேன். 5.40-க்கே போய்விட்டேன், ஒருவர் துடைப்பத்தால் கூட்டிக்கொண்டிருந்தார், நான் மின்விசிறிகளைப் போட்டுவிட்டேன். மாஸ்டர் சின்னப் பெண். முதல் நாள் என்றும், குதிக்க முடியாது என்றும் சொன்னேன். ஏன் என்று கேட்கவே இல்லை, சரிக்கா, என் காலை மட்டும் பாருங்கள் என்றார். வீடியோ பற்றியும் கேட்டேன், கேட்காமல் எடுக்க மாட்டோம் என்றார்.

இரண்டாவது வரிசை, சுவர் ஓரம். மூன்றாவது பாட்டில் எல்லோரும் வலது பக்கம் போக நான் இடது பக்கம் போய்ப் பக்கத்தில் இருந்த பெண்ணின் தோளில் இடித்துவிட்டேன். அவர் ஆட்டத்தை விடாமலே என் முழங்கையைப் பிடித்து இந்தப் பக்கம்க்கா என்று திருப்பிவிட்டார். அந்தப் பாட்டு முடிகிற வரைக்கும் திரும்புவதற்கு முன்னால் ஒரு தடவை என்னைப் பார்த்துத் தலையசைத்தார். ஒரு பாட்டுக்கு ஓரமாக நடந்து தண்ணீர் குடித்தேன், மற்றபடி கடைசி வரை நின்றேன். பேட் தேவைப்பட்டது, ஆனால் யாருக்கும் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை மறுபடி போகிறேன், மாதக் கட்டணமும் கட்டிவிடுவேன். ஒரு சந்தேகம். வீட்டில் கிடந்த ரன்னிங் ஷூவைத்தான் போட்டுப் போனேன், திரும்பும்போது தரையைப் பிடித்து முட்டி இழுக்கிறது. ஷூ சரியில்லையா, நான் திரும்புவது தப்பா?

---

ஜெசி_டிரெயினர்:

ஷூதான்மா. ரன்னிங் ஷூவின் அடிப்பாகம் வழுக்காமல் தரையைப் பற்றிக்கொள்ளும், உடம்பு திரும்பும், பாதம் திரும்பாது, பாரம் முட்டிக்குப் போகும். அடி தட்டையாகவும் கோடுகள் ஆழமில்லாமலும் இருக்கிற டிரெய்னிங் ஷூ பாருங்கள், விலை கூடியது வேண்டாம். வாங்குகிற வரை சுழல்கிற ஸ்டெப் வந்தால் சுழலாமல் நாலு சின்ன அடி வைத்து நடந்து திரும்புங்கள். நாளைக்கும் மறுநாளும் தொடை நன்றாக வலிக்கும், பயப்பட வேண்டாம், மெதுவாக நடந்தால் விட்டுவிடும்.