ஏஐ எழுதித் தந்த பாடக்குறிப்பில் ஒரே உறுப்புக்கு மூன்று பெயர். எப்படிச் சரிசெய்வது?

அனாடமி ட்யூட்டர்:

வணக்கம். பிஎஸ்சி நர்சிங் முதல் செமஸ்டருக்கு அப்ளைடு அனாடமி எடுக்கிறேன். வகுப்பில் 60 பேர், பாதிக்கு மேல் பிளஸ் டூ வரை தமிழ் வழியில் படித்தவர்கள். பாடமும் தேர்வும் ஆங்கிலத்தில்தான். ஆனால் முதல் இரண்டு மாதம் எதையும் தமிழில் ஒருமுறை சொல்லாவிட்டால் மண்டையில் ஏறாது.

இனப்பெருக்க மண்டலம் ஆரம்பிக்கும் முன், நேரம் மிச்சமாகும் என்று ஏஐயிடம் தமிழில் குறிப்பு கேட்டேன். படிக்க நன்றாகத்தான் இருந்தது, நகல் எடுத்துக் கொடுத்துவிட்டேன். அடுத்த நாள் முதல் பெஞ்சுப் பெண் எழுந்து, "மேடம், அண்டகத்துக்கும் சினைப்பைக்கும் நடுவில் என்ன இருக்கு?" என்று கேட்டாள். எடுத்துப் பார்த்தால் முதல் பக்கத்தில் அண்டகம், இரண்டாம் பக்கத்தில் சூலகம், கடைசி அட்டவணையில் சினைப்பை. மூன்றும் ஓவரிதான். பிள்ளைகள் மூன்று உறுப்பு என்று மனப்பாடம் செய்துவிட்டார்கள்.

படம் கேட்டது இன்னும் மோசம். கருப்பை பார்க்க அழகாக இருக்கிறது, ஆனால் வலது பக்கம் இரண்டு ஓவரி. தமிழ் எழுத்தில் கொம்பு ஒரு இடம், கால் ஒரு இடம். கதீட்டர் (சிறுநீரை வெளியேற்றும் குழாய்) போடும் பாடத்துக்காக வெளியுறுப்புப் படம் கேட்டால், விதிமுறைப்படி தர முடியாது என்று மறுத்துவிட்டது. நான் நர்சிங் ஆசிரியை என்று சொல்லியும் பார்த்தாயிற்று.

அடுத்த வியாழன் மறுபடி எடுக்கணும். யாராவது இதை ஒழுங்காகப் பயன்படுத்தி இருக்கிறீர்களா?

லேபர் வார்டு அக்கா:

முதலில் கொடுத்த நகலைத் திரும்ப வாங்குங்கள் மேடம். தப்பான குறிப்பு ஹாஸ்டலில் ஐந்து வருடம் உயிரோடு இருக்கும்.

நான் செய்வது இதுதான். குறிப்பு கேட்பதற்கு முன்னாலேயே சொற்பட்டியலை நானே எழுதிவிடுவேன், 25 சொல் போதும். ஓவரி என்றால் சினைப்பை, ஃபெலோப்பியன் ட்யூப் என்றால் கருக்குழாய், செர்விக்ஸ் என்றால் கருப்பை வாய். அதை அப்படியே ஒட்டிவிட்டு, "இந்தப் பட்டியலில் இல்லாத உறுப்புக்குத் தமிழ்ப்பெயர் வைக்காதே, ஆங்கிலப் பெயரையே தமிழ் எழுத்தில் எழுது" என்று சொல்லிவிடுவேன். முக்கால்வாசி சிக்கல் தீர்ந்துவிடும். மீதிக்கு நம் கண்தான்.

நோயாளி சொல்லும் வார்த்தைகளுக்கு ஒரு தனி வரிசையும் வைத்துக்கொள்ளுங்கள். ஓபியில் யாரும் கருப்பை என்று சொல்ல மாட்டார்கள். கர்ப்பப்பை என்பார்கள். "கர்ப்பப்பை இறங்கிடுச்சு", "வெள்ளைப்படுது", "வீட்டுக்குத் தூரம்" எல்லாம் பிள்ளைகளுக்குப் புரியணும்.

ஆண் உறுப்புகளில் இன்னும் கவனம் தேவை. ஸ்க்ரோட்டம் விதைப்பை, செமினல் வெசிக்கிள் விந்துப்பை. எனக்கு வந்த குறிப்பில் இந்த இரண்டும் இடம் மாறியிருந்தது. படித்த மாணவன், சிறுநீர்ப்பைக்குப் பின்னால் இருக்கும் சுரப்பியை வெளியே தொங்கவிட்டுப் படம் வரைந்து வந்தான்.

யாழ் நர்ஸ்:

சூலகம் எங்கிருந்து வந்தது என்று சொல்லுறன். இலங்கையில் நாங்கள் பள்ளியிலேயே ஓவரியைச் சூலகம் என்றுதான் படிச்சது. கருப்பை வாய்ப் புற்றுநோயை இங்கே கருப்பைக் கழுத்துப் புற்றுநோய் என்பம். உங்கட பாடநூலில் அண்டகம், உங்கட பத்திரிகைகளில் சினைப்பை. ஏஐக்கு எல்லாம் ஒரே தமிழ்தானே, எல்லாத்தையும் ஒரே சட்டியில் போட்டுக் கிண்டித் தருது. எந்தச் சொல்லும் பிழையில்லை, ஒண்டைத் தேர்ந்தெடுத்தால் சரி.

அனாடமி ட்யூட்டர்:

ஆமாம்! ஒரு பையன் "சூலகம் பூவில்தானே மேடம் இருக்கும்?" என்று கேட்டான். வகுப்பே சிரித்தது. அவன் சொன்னதும் சரிதான், இங்கே தாவரவியல் பாடத்தில் சூலக வட்டம் என்று படித்துவிட்டு வருகிறார்கள். சொற்பட்டியல் இன்றே எழுதுகிறேன். படத்துக்கு என்ன செய்வது?

ஓடி சிஸ்டர்:

உறுப்புப் படத்தை ஏஐயிடம் கேட்காதீர்கள். உங்களுக்கு வந்த படத்தில் யூரிட்டர் (சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பைக்குப் போகும் குழாய்) இருக்கிறதா, பாருங்கள். நான் பார்த்தவற்றில் ஒன்றில்கூட அது சரியான இடத்தில் இல்லை. செர்விக்ஸிலிருந்து பக்கவாட்டில் சுமார் 2 செ.மீ. தள்ளி, கருப்பைக்கு ரத்தம் கொண்டுபோகும் யூட்டரைன் ஆர்ட்டரிக்கு அடியில் யூரிட்டர் போகிறது. கருப்பையை அகற்றும்போது அந்த ஆர்ட்டரியைக் கட்டுவோம். அந்த இடத்தில் கை தவறினால் யூரிட்டரும் சேர்ந்து மாட்டிக்கொள்ளும். "பாலத்துக்கு அடியில் தண்ணீர்" என்று சொல்லிக்கொடுங்கள், மறக்க மாட்டார்கள்.

கிரேஸ் அனாடமி 1918 பதிப்பின் படங்களுக்குக் காப்புரிமை முடிந்துவிட்டது, இணையத்தில் இலவசமாகவே கிடைக்கும். பெயர்கள் சில பழசு. அவற்றை மறைத்துவிட்டு உங்கள் பட்டியல்படி கையால் எழுதுங்கள்.

இன்னொன்று, வார்டில் எடுத்த எந்தப் படத்தையும் ஏஐயில் ஏற்றவே கூடாது. முகம் தெரியவில்லை என்பதெல்லாம் பதில் ஆகாது.

ரிட்டயர்டு வாத்தியார்:

32 வருடம் சாக்பீஸை வைத்தே ஓட்டியவன் நான். ஏஐ வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் இந்தப் பாடத்துக்கு ஒரு துப்பட்டாவும் இரண்டு நெல்லிக்காயும் போதும்.

ஒரு மாணவியை முன்னால் நிற்க வைத்து இரண்டு கையையும் பக்கவாட்டில் நீட்டச் சொல்லுங்கள். உடம்புதான் கருப்பை, தலை ஃபண்டஸ் (கருப்பையின் மேல்பகுதி), கைகள் கருக்குழாய், விரல்கள் ஃபிம்ப்ரியா (குழாய் முனையில் இருக்கும் இழைகள்). கைகளின் மேல் துப்பட்டாவை முன்னும் பின்னும் தொங்கும்படி போர்த்தினால் அதுதான் பிராட் லிகமென்ட், கருப்பையின் இரு பக்கமும் இருக்கும் சவ்வு மடிப்பு. நெல்லிக்காயை ஒரு நூலில் கட்டி துப்பட்டாவின் பின்பக்கம் தொங்கவிடுங்கள். முன்பக்கம் அல்ல, சினைப்பை ஒட்டியிருப்பது பின்பக்கத்தில்தான். முழங்கைக்கு வெளியே கை அகலமாகும் இடத்தைக் காட்டி, இதுதான் ஆம்புல்லா, கருத்தரிப்பு பெரும்பாலும் நடப்பது இங்கே என்று சொல்லுங்கள். குழாயின் மொத்த நீளம் சுமார் 10 செ.மீ., அதில் பாதி ஆம்புல்லாதான்.

பிறகு கேளுங்கள்: விரல் நெல்லிக்காயைப் பிடித்திருக்கிறதா? இல்லை, நடுவில் வெளி இருக்கிறது. கீழிருந்து ஏறும் கிருமி வயிற்றறைக்குள் போய்விடுவதும், கரு வழிதவறித் தங்குவதும் எப்படி என்று அவர்களே சொல்வார்கள். கூச்சமும் அங்கேயே பாதி போய்விடும். நடுவில் நிற்பவள் அவர்கள் தோழி, சிரித்து முடித்ததும் பாடம் தொடங்கிவிடும்.

சர்ஜிக்கல் வார்டு:

கதீட்டருக்குப் படம் தேடி அலையாதீர்கள், ஸ்கில் லேப் டம்மிதான் சரி. கிளிட்டோரிஸுக்குக் கீழே, வஜைனா வாசலுக்கு மேலே யூரித்ராவின் (சிறுநீர் வெளியே வரும் குழாய்) வாசல். உள்ளே சுமார் 4 செ.மீ.தான். ஆணுக்கு 18 முதல் 20 செ.மீ. இந்த வித்தியாசம் புரிந்துவிட்டால் எவ்வளவு தூரம் விடணும் என்பது தானாக வரும்.

புதிதாக வருபவர்கள் எல்லோரும் ஒருமுறையாவது வஜைனாவில் விட்டுவிடுவார்கள். சிறுநீர் வராது, கை நடுங்கும், உடனே உருவி அதையே மேலே விடப் பார்ப்பார்கள். கூடாது. அந்தக் கதீட்டர் அங்கேயே இருக்கட்டும். அதற்கு மேலே இருப்பதுதான் உங்கள் வாசல் என்று அதுவே வழி காட்டும். புதிய ஸ்டெரைல் கதீட்டர் எடுத்துப் போட்ட பிறகு பழையதை எடுங்கள். எனக்கு ஒரு சீனியர் சிஸ்டர் சொல்லிக்கொடுத்தது.

ஏஐ எனக்கு உதவியது கேஸ் எழுதுவதில். "பிரசவமாகி ஒரு மணி நேரம், கருப்பை தொப்புளுக்கு மேலே மெத்தென்று இருக்கிறது, பேட் நனைகிறது, என்ன செய்வாய், ஏன்?" இப்படிப் பத்து எழுது என்றால் ஒரு நிமிடத்தில் தந்துவிடும். ஆனால் விடையை மட்டும் நாமே எழுதணும். எனக்கு வந்த ஒரு விடையில் சிறுநீர்ப்பை நிரம்பியிருக்கிறதா என்று பார்ப்பதே இல்லை. நிரம்பிய சிறுநீர்ப்பை கருப்பையை மேலே தள்ளி, சுருங்கவிடாமல் செய்துவிடும். நைட் டியூட்டியில் முதலில் பார்க்கும் விஷயமே அதுதான்.

அனாடமி ட்யூட்டர்:

நன்றி எல்லோருக்கும். வியாழன் வகுப்பு முடிந்தது.

சொற்பட்டியல் 28 சொல்லில் நின்றது. ஏஐ அதைப் பிடித்துக்கொண்டு எழுதியது, ஆனால் நீளமாக எழுதச் சொன்னால் நான்காவது பக்கத்தில் மறுபடி அண்டகம் எட்டிப் பார்க்கிறது. அதனால் ஒரு தலைப்புக்கு ஒரு பக்கம், ஒவ்வொரு முறையும் பட்டியலை ஒட்டித்தான் கேட்கிறேன்.

அந்தக் கேவலமான படத்தைத் தூக்கிப் போடவில்லை. ஆறு ஆறு பேராகப் பிரித்து, இதில் எத்தனை தப்பு என்று கண்டுபிடிக்கச் சொன்னேன். நான் எண்ணி வைத்தது ஏழு. ஒரு குழு ஒன்பது சொன்னது. எட்டாவது, கருப்பை நேராக நிற்கிறது, முன்பக்கம் சாய்ந்து சிறுநீர்ப்பை மேல் படுத்திருக்கணுமே என்றார்கள். முன்பக்கமிருந்து பார்க்கும் படத்தில் சாய்வு தெரியாது என்று விளக்கினேன். ஆனால் அந்தக் கேள்வி வந்ததே எனக்குச் சந்தோஷம். ஒன்பதாவது நான் நிஜமாகவே பார்க்காதது, கருப்பையின் இரு பக்கமிருந்தும் முன்னால் போகும் நார் போன்ற ரவுண்ட் லிகமென்ட் இல்லவே இல்லை.

துப்பட்டா பாடமும் நடந்தது. நெல்லிக்காய்தான் வகுப்பு முடிந்தபோது காணவில்லை.

அடுத்த வாரம் ஆண் இனப்பெருக்க மண்டலம். வாஸ் டெஃபரன்ஸ் (விந்தணுவைக் கொண்டுபோகும் குழாய்) போகும் பாதையைக் காட்ட ஏதாவது வழி இருக்கிறதா?

ரிட்டயர்டு வாத்தியார்:

பழைய ஐவி செட் ட்யூபில் 45 செ.மீ. வெட்டிக்கொள்ளுங்கள், அதன் நீளமும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். ஒரு பையனின் பேன்ட்டுக்கு மேலேயே தொடை மடிப்பிலிருந்து மேலேற்றி, இடுப்பு வழியாகச் சுற்றிப் பின்னால் கொண்டுபோங்கள். யூரிட்டருக்கு வேறு நிற ட்யூப் வையுங்கள். இங்கே வாஸ் யூரிட்டருக்கு மேலே தாண்டிப் போகும். ஆக இங்கேயும் தண்ணீர் பாலத்துக்கு அடியில்தான்.

ஓடி சிஸ்டர்:

பையனிடம் முதலில் சம்மதம் கேட்டுக்கொள்ளுங்கள் மேடம். அதுவும் பாடம்தான்.