பத்து எஸ்எம்பிஎஸ், ஒரே எம்சிபி: சுவிட்ச் போட்டதும் விழுந்தால்

எல்இடி பெயர்ப் பலகைகளில் அடிக்கடி வரும் கோளாறு இது. 60 வாட் எஸ்எம்பிஎஸ் (ஏசியை டிசியாக்கும் பவர் சப்ளை) பத்து, எல்லாம் ஒரே சி10 எம்சிபியில் (சி வகை, 10 ஆம்பியர்; மின்சாரம் மிஞ்சினால் தானாக அணையும் சுவிட்ச்). ஓடும்போது கிளாம்ப் மீட்டர் 5 ஆம்பியர்தான் காட்டும். ஆனால் எம்சிபி ஒருநாள் விழாமல் நிற்கும், மறுநாள் விழும். காரணம், சுவிட்ச் போடும் கணத்தில் ஏசி அலை எங்கே இருக்கிறது என்பதுதான். சுழிக்கு (பூஜ்ய வோல்ட்) அருகில் என்றால் தப்பிக்கும். 325 வோல்ட் உச்சியில் மாட்டினால், காலியான கெபாசிட்டர் ஷார்ட் போலவே இழுக்கும். உள்ளே 10 ஓம் என்டிசி (சூடானால் தடை குறையும் ரெசிஸ்டர்) இருந்தால் ஒன்றுக்கு 32 ஆம்பியர். பத்துக்கும் கணக்குப்படி 320. ஒயரின் தடை இதைக் கொஞ்சம் குறைக்கும். சி10 உடனே விழும் எல்லையோ 50 முதல் 100 ஆம்பியர்.

அணைத்த உடனே மறுபடி போடுவது இன்னும் மோசம். என்டிசி சூடாக இருக்கும்போது அதன் தடை மிகவும் குறைந்துவிடும். ஒரு நிமிடமாவது ஆற விட வேண்டும்.

தயவுசெய்து 32 ஆம்பியர் எம்சிபியாக மாற்றாதீர்கள், 1.5 சதுர மில்லி ஒயர் எரியும். டி10 (டி வகை, 10 ஆம்பியர் எம்சிபி) போடலாம். ஆனால் அது உடனே விழ 200 ஆம்பியர் வரை தேவைப்படலாம். லூப் தடை (ஷார்ட் ஆனால் மின்சாரம் சுற்றி வரும் பாதையின் மொத்தத் தடை) 1.15 ஓமுக்குள் இருக்கிறதா என்று அளந்த பிறகே போடுங்கள்.

*

டி வகையை விட, மூன்று குழுவாகப் பிரித்து ஆன்-டிலே டைமரில் ஒவ்வொரு நொடி தள்ளிப் போடுவதே எனக்குச் சரியாகப் படுகிறது. ரிலே கான்டாக்ட் சில்வர் டின் ஆக்சைடாக இருக்கட்டும், சாதாரணமானது ஒட்டிக்கொள்ளும்.

பிரிக்க வழியில்லையா? வரிசையில் 47 ஓம் ஒயர்வுண்ட் ரெசிஸ்டர், அதற்குக் குறுக்கே, சார்ஜ் ஆனதும் மூடி மின்சாரத்தை நேரே விடும் பைபாஸ் ரிலே. உச்சம் 7 ஆம்பியருக்குள் அடங்கும். ஒவ்வொரு சப்ளையிலும் கெபாசிட்டர் 100 மைக்ரோஃபாரட் என்றால் மொத்தம் 1000. சார்ஜ் ஆகும்போது ரெசிஸ்டர் சுமார் 53 ஜூல் தாங்க வேண்டும். 10 வாட்டுக்குக் குறைந்து வாங்காதீர்கள், டேட்டாஷீட்டில் பல்ஸ் அளவையும் பாருங்கள். ரிலே 300 மில்லி விநாடியில் மூட வேண்டும். அதற்குள் சப்ளைகள் லோடை எடுக்கத் தொடங்கினால் வோல்டேஜ் விழுந்து, எழ முடியாமல் திணறும். டேட்டாஷீட்டில் செட்டப் டைம் (சப்ளை வேலை தொடங்க எடுக்கும் நேரம்) பார்த்து வையுங்கள். ரிலே மூடாமல் போனால் ரெசிஸ்டர் பழுத்துவிடும். அதன் உடம்போடு ஒட்டி ஒரு தெர்மல் ஃப்யூஸ் கட்டாயம்.

*

விழுவது எம்சிபியா, ஆர்சிசிபியா (எர்த்துக்கு மின்சாரம் கசிந்தால் அணையும் சுவிட்ச்) என்று முதலில் பாருங்கள். ஆர்சிசிபி என்றால் எர்த் கசிவையும் பார்க்க வேண்டும். ஒரு சப்ளைக்கு 2 மில்லி ஆம்பியர் என்றாலும் பத்துக்கு 20. 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி 15-க்கு மேல் எப்போது வேண்டுமானாலும் விழலாம். அங்கே ரெசிஸ்டரும் டைமரும் போட்டுப் பயனில்லை. சப்ளைகளை மூன்று ஆர்சிசிபிக்குப் பிரித்து, ஒவ்வொன்றிலும் கசிவு 9 மில்லி ஆம்பியரைத் தாண்டாமல் வையுங்கள்.