சில டஜன் பதிவுகளை வைத்து மன்னார் வளைகுடாவுக்குப் பாசி வரைபடம் போடலாமா?

அலைமகன்:
மரிக்கொழுந்துப் பாசி என்கிற கடற்பாசி எங்கெல்லாம் வளரும் என்று கணினி மாடல் போட்டுப் பார்க்க வேண்டிய நேரம் வந்துவிட்டது. 21 தீவுகளைச் சுற்றியும் வருஷா வருஷம் முக்குளித்து எண்ண ஆளும் இல்லை, பணமும் இல்லை. ஓர் உயிர் வாழ ஏற்ற இடங்களைக் கணிக்கும் மேக்ஸென்ட் முறை 2006-லேயே வந்துவிட்டது. ‘இங்கே பாசி இருந்தது’ என்ற பதிவு போதும், ‘இல்லை’ என்ற பதிவு வேண்டாம். கடல் வெப்பம், உப்பு, வெளிச்சம் எல்லாம் பயோ-ஆரக்கிள் என்ற கடல் தரவுத் தொகுப்பில் இலவசமாகவே கிடைக்கின்றன. ஏன் தயங்குகிறோம்?

பாம்பன்காரி:
அந்த ‘இருந்தது’ பதிவுகள் எந்த இடத்துப் பதிவுகள் தம்பி? மண்டபத்தில் 1940-களின் கடைசியிலிருந்து கடல் மீன் ஆராய்ச்சி நடக்கிறது. அதனால் பதிவுகள் மண்டபத்தைச் சுற்றியே குவிந்து கிடக்கும். ஆராய்ச்சிப் படகு அதிகம் போன இடத்தை, பாசிக்குப் பிடித்த இடம் என்று மாடல் எடுத்துக்கொள்ளும். இன்னொன்று, பயோ-ஆரக்கிளின் பழைய பதிப்பில் வரைபடத்தின் ஒரு கட்டம் சுமார் 9 கி.மீ. அகலம். நம் தீவுகளோ கரையிலிருந்து சராசரியாக 8 கி.மீ. தூரத்தில். கரை, நடுவில் உள்ள சேறு, தீவு, அதன் பார் (கடலடிப் பாறைத்திட்டு) எல்லாம் ஒரே கட்டத்துக்குள் ஒரே வெப்பநிலையாகிவிடும். மரிக்கொழுந்து பவளப் பாறையில் ஒட்டி வளர்வது. பாறை எங்கே, மணல் எங்கே என்று தெரியாத வரைபடத்தை வைத்து என்ன செய்வது?

அலைமகன்:
பதிவுகள் ஒரே பக்கம் குவியும் சாய்வுக்கு வழி இருக்கிறது அக்கா. மற்ற பாசிகள் பதிவான இடங்களையே பின்னணிப் புள்ளிகளாக, அதாவது மாடல் ஒப்பிட்டுப் பார்க்கும் இடங்களாக வைத்தால் சாய்வு பெருமளவு கழிந்துவிடும். சோதிக்கும்போதும் புள்ளிகளைக் கண்டபடி பிரிக்காமல், ஒரு தீவுக் கூட்டத்தை மொத்தமாக மறைத்துவைத்துச் சோதிக்கலாம். கலாபகோஸ் தீவுகளில் என்ன நடந்தது? வெப்பமண்டலக் கடலில் ஆழத்தில் கெல்ப் என்ற பெரிய பழுப்புப் பாசியின் காடு இருக்கலாம் என்று மாடல்தான் முதலில் சொன்னது. உலகம் முழுக்க 23,500 சதுர கி.மீ.க்கு மேல் என்று கணக்கு வந்தது. 2007-ல் ஆய்வு வெளியானபோது, இறங்கிப் பார்த்துக் கண்டுபிடித்தும் இருந்தார்கள்.

பாம்பன்காரி:
அந்த மாடல் வேறு ஜாதி. கெல்ப்புக்கு எவ்வளவு வெளிச்சம் வேண்டும், எவ்வளவு சத்து வேண்டும் என்ற உடலியலிலிருந்து கட்டியது. சில டஜன் புள்ளிகளிலிருந்து ஊகித்ததல்ல. அதோடு, இறங்கிப் பார்த்த பிறகுதானே ‘இருக்கிறது’ என்றார்கள்! நம்மூரில் வரைபடம் வந்த மறுநாளே பாசி வளர்க்கும் மிதவைக்கு மானியம் ஒதுக்கிவிடுவார்களோ என்பதுதான் என் பயம்.

மிதவைக்காரர்:
மானியம் என்றதும் ஞாபகம் வருகிறது. ஊரில் பெப்சிப் பாசி என்போமே, மிதவையில் வளர்க்கும் கப்பாபைக்கஸ், அது 2013 வாக்கில் பாக் விரிகுடாப் பக்கம் கடல் சூடேறிக் கொத்துக் கொத்தாகச் செத்தது. வருஷ சராசரி வெப்பத்தைப் பார்த்தால் அந்த இடம் நல்ல இடம்தான். பயிரைக் கொன்றது சில வாரத்துச் சூடு. வாடைக் காற்றில் மிதவை உடைவதும் எந்தச் சராசரியிலும் தெரியாது. மனிதன் கட்டிவிட்டதால் பாசி வளர்ந்த இடத்தை ‘இயல்பாக இருந்த இடம்’ என்று மாடலுக்குக் கொடுப்பதும் தப்பு.

அலைமகன்:
சராசரிக்குப் பதிலாக உச்ச வெப்பத்தைக் கொடுக்கலாம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தரவு குறைவு என்று சும்மா இருந்தால் அது எப்போது கூடும்?

பாம்பன்காரி:
தரவு குறைவு என்று யார் சொன்னது? எழுதிவைக்கவில்லை, அவ்வளவுதான். பாம்பன் பக்கம் சின்னப்பாலத்தில் பாசி எடுக்கும் பெண்களிடம் கேளுங்கள். எந்தப் பாரில் பாசி அற்றுப்போனது, எதில் முளைக்கவே இல்லை என்று சொல்வார்கள். உங்கள் மாடலுக்கு இல்லாத ‘இல்லை’ பதிவு அதுதான்.

மிதவைக்காரர்:
கேட்பது சுலபம். தேசியப் பூங்காவுக்குள் பாசி எடுக்கத் தடை. ‘அந்தப் பாரில் எடுத்தேன்’ என்று புள்ளி வைத்துக் கொடுத்தால், நாளைக்கு அதுவே அவர்கள் மேல் சாட்சியாகும்.

அலைமகன்:
அப்படியென்றால் பாரின் பெயரும் இடமும் அவர்கள் கையிலேயே இருக்கட்டும். மாடலுக்கு ஆழம், அடித்தரை, உண்டு-இல்லை மட்டும் போதும். வெளியிடும் வரைபடத்தில் மாடலுக்குச் சந்தேகம் உள்ள இடங்களை மட்டும் காட்டுவோம். முதலில் அங்கேதான் இறங்கிப் பார்க்க வேண்டும்.

பாம்பன்காரி:
அதற்கு நான் வருகிறேன். ஆனால் பார்க்காத இடத்துக்கு ‘ஏற்ற இடம்’ என்று பச்சை நிறம் அடிக்கக் கூடாது.