கண்டுபிடிக்க மூளை போதுமா, கையில சாமான் வேணுமா?

போடிமெட்டு பாண்டி:
கம்பத்துல ஒரு கூட்டத்துல பேசின வாத்தியார் ஒருத்தர், விஞ்ஞானம்னா முதல்ல தியரி, மெஷினெல்லாம் அப்புறம்தான்னு அடிச்சு சொல்லிட்டு போயிட்டாரு. எனக்கு ஒப்பல. நம்ம ஏலக்காய்ச் செடில கட்டே நோய் வந்தா இளஇலைல நடுநரம்புலருந்து ஓரம் வரைக்கும் வெளிர் பச்சையா கோடு கோடா இழுத்திருக்கும்ல, அது வைரஸ். வைரஸ்னு ஒண்ணு இருக்குன்னு உலகத்துக்கு தெரிஞ்சதே தண்ணி வடிகட்டுற சாமானாலதான். 1884ல பாஸ்டர் லேப்ல சேம்பர்லேண்ட்னு ஒருத்தர், பாக்டீரியா கூட நுழைய முடியாத பீங்கான் ஃபில்டர் பண்ணாரு. 1892ல ரஷ்யாவுல இவனோவ்ஸ்கி, நோய் புடிச்ச புகையிலைச் சாறை அதுல வடிச்சு நல்ல செடிக்கு ஏத்தினா அதுக்கும் நோய் வந்துருச்சு. இதுல தியரி எங்க இருந்துச்சு சொல்லுங்க?

குமுளி டீச்சர்:
பாண்டி தம்பி, பாதிக் கதைய சொல்லிட்டு ஓடாதீங்க. இவனோவ்ஸ்கி அதைப் பாத்துட்டு என்ன நெனச்சாரு? பாக்டீரியா விட்ட விஷமா இருக்கும், இல்ல ஃபில்டர்ல கோளாறா இருக்கும்னு நெனச்சாரு. 1898ல ஹாலந்துல பெய்ஜரிங்க் அதே வேலைய திரும்ப செஞ்சு, விஷம்னா ஒரு செடிலருந்து இன்னொண்ணுக்கு மாத்த மாத்த வீரியம் கொறையணுமே, இது செடிக்குள்ள போயி பெருகுதே, அப்ப இது வேற ரகம்யான்னு சொன்னாரு. ஃபில்டர் ரெண்டு பேருக்கும் ஒண்ணுதான் தம்பி.

போடிமெட்டு பாண்டி:
அவரும்தானே அதை உசுருள்ள திரவம்னு சொல்லி வச்சாரு 😄 1939ல எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்ல அந்த வைரஸ போட்டோ எடுத்தப்ப திரவமா இல்ல, குச்சி குச்சியா கெடந்துச்சு. மூளைய திருத்தினது யாரு டீச்சர்?

வண்டன்மேடு எஸ்டேட்:
ஏம்ப்பா ரஷ்யா ஹாலந்துன்னு சுத்துறீங்க. நல்லாணிங்கிற ஏலக்காய் ரகம் எந்த லேப்ல வந்துச்சு? கட்டப்பனை பக்கம் செபாஸ்டியன் ஜோசப்னு ஒரு விவசாயி, தோட்டத்துல நல்லா காய்ச்ச செடிய பாத்து வச்சு தூர் பிரிச்சு நட்டு பெருக்கினது, இன்னைக்கு இடுக்கி பூரா அதுதான்.

குமுளி டீச்சர்:
நல்லாணிய யாருண்ணே கொறச்சு சொன்னா. ஆனா தூர் பிரிச்சா செடி பெருகும், அது ஏன் அவ்வளவு காய்க்குதுங்கிற பதில் பெருகாது. இன்னொண்ணும் சொல்றேன். 1966ல அமெரிக்காவுல யெல்லோஸ்டோன் வெந்நீர் ஊத்துல தாமஸ் பிராக் ஒரு பாக்டீரியா புடிச்சாரு, கொதிக்கிற தண்ணிகிட்ட எது உசுரோட இருக்கும்னு பாக்கணும், அவ்வளவுதான், யாரு பிரச்சனையும் தீக்க போகல. அதோட என்சைம்தான் பின்னாடி, துளியூண்டு டிஎன்ஏவ நகலெடுத்து பெருக்குற பிசிஆர் மெஷின ஓட வச்சுச்சு, கோவிட் டெஸ்ட் வரைக்கும். உங்க நாத்து பாக்க பச்சையா இருக்கும்போதே உள்ள கட்டே இருக்கான்னு பாக்குறதும் பிசிஆர்லதான். பாண்டி தம்பி புகழுற சாமானுக்கே அடியில வெட்டி ஆராய்ச்சி ஒண்ணு கெடக்கு.

கூடலூர் மைக்ரோபயாலஜி:
அக்கா, ஜீன வெட்டித் திருத்துற கிரிஸ்பர விட்டுட்டீங்களே. ஸ்பெயின்ல மோஹிக்கானு ஒரு ஆராய்ச்சியாளர், உப்பளத்து நுண்ணுயிரோட டிஎன்ஏல திரும்பத் திரும்ப ஒரே எழுத்து வரிசை வர்றத பாத்து வருஷக்கணக்கா மண்டைய ஒடச்சுக்கிட்டு, 2005ல இது வைரஸ எதிர்க்கிற ஏற்பாடா இருக்கும்னு எழுதினாரு. அத சோதனை பண்ணி நிரூபிச்சது 2007ல டானிஸ்கோனு தயிர் உறை தயாரிச்ச கம்பெனி. உறைல இருக்குற பாக்டீரியாவ வைரஸ் தாக்கினா அவங்க யாவாரம் படுத்துரும்ல, அதான் அக்கறை.

போடிமெட்டு பாண்டி:
பாத்தீங்களா, யாவாரம்!

குமுளி டீச்சர்:
பாத்தேன், மோஹிக்கா ரெண்டு வருஷம் முன்னாடி எழுதினதையும் பாத்தேன்.

வண்டன்மேடு எஸ்டேட்:
எல்லாம் சரிம்மா, கட்டேக்கு மருந்து வந்துருச்சா இல்லையா?

குமுளி டீச்சர்:
இல்லண்ணே. கண்ட உடனே தூரோட புடுங்கி அழிக்கணும், இல்லன்னா அசுவினிப் பூச்சி அடுத்த செடிக்கு கொண்டு போயிரும்.

வண்டன்மேடு எஸ்டேட்:
அப்ப தியரியும் வேணாம் மெஷினும் வேணாம், புடுங்க ஆளுதான் வேணும். யாராவது கம்பத்துலருந்து ஒரு ஜீப் ஆள் அனுப்பிட்டு அப்புறம் சண்டைய தொடருங்க.