ஆசிரியர் பெயர் போட்டும் தவறு என்கிறார் நெறியாளர், ஏன்?

கேள்வி:
முனைவர் பட்ட ஆய்வேட்டின் இரண்டாம் இயலில் இருக்கிறேன். மேற்கோள் முறை ஏபிஏ (அமெரிக்க உளவியல் கழகத்தின் முறை) 7-ஆம் பதிப்பு. ஒரு நூலின் கருத்தை என் சொற்களில் எழுதி, ஆசிரியர் பெயரும் ஆண்டும் போட்டேன். "பாதி அவருடைய வாக்கியம்" என்று நெறியாளர் சிவப்பில் குறித்துவிட்டார். எங்கே தவறு?

பதில்:
எனக்கும் இதே நடந்தது. சொற்களை மாற்றினேன், வாக்கிய அமைப்பை மாற்றவில்லை. பெயர் போட்டாலும் அது ஒட்டுவேலைதான். இப்போதெல்லாம் பத்தியைப் படித்ததும் நூலை மூடிவிடுவேன். நினைவிலிருந்து எழுதி, அப்புறம் திறந்து ஒப்பிடுவேன். அவருடைய சொல்லே வேண்டுமென்றால் மேற்கோள் குறிக்குள் வைத்துப் பக்க எண் கொடுங்கள். 40 சொற்களோ அதற்கு மேலோ என்றால் குறி வேண்டாம், உள்தள்ளிய தனிப் பத்தி.

கேட்டவர்:
சரி, மூலநூல் கிடைக்கவில்லை, இன்னொருவர் எடுத்தாண்டதைத்தான் படித்தேன் என்றால்?

இன்னொரு பதில்:
முதலில் நூலகத்தில் கேட்டுத் தேடுங்கள். கிடைக்காவிட்டால் மூல ஆசிரியர் பெயரோடு, யார் வழியாக எடுத்தீர்கள் என்பதையும் எழுதுங்கள். மேற்கோள் நூல் பட்டியலில் நீங்கள் படித்த நூல் மட்டுமே வரவேண்டும். ஒருமுறை மூலத்தைப் பிடித்துப் பார்த்தேன், இடையில் இருந்தவர் ஓர் 'அல்ல'வை விட்டிருந்தார்.